தவமணி மெஸ்ஸுக்கு 97 புள்ளி

சூளைப் பகுதியில் ஒருவர் இன்னொருவரிடம், "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டுப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. கேட்க வேண்டிய தேவை இல்லை. நாமணி இருந்தது.

நாமணி என்பது அரிசிக் குருணை அளவுள்ள ஒரு கருவி. நாக்குக்கு அடியில் ஒட்டிவிடுவார்கள். சாப்பிடும்போது மனிதன் உண்மையில் எவ்வளவு மகிழ்கிறான் என்பதை நரம்பிலிருந்தே படித்து, நூற்றுக்கு இத்தனை என்று செல்பேசிக்கு அனுப்பும். வாய் பொய் சொல்லலாம். மாமியார் வீட்டு விருந்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாமணி சொல்லாது. எங்கே ஒரு நாக்கு நாற்பதைத் தாண்டினாலும், அந்த இடத்தில் 'ருசிவரை' என்ற வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். மக்கள் பச்சையைப் பார்த்து நடந்தார்கள். மாடுகள் இதைக் கருவி இல்லாமலே செய்துவந்தன என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சட்டம் எளிமையானது. மூன்று மாதச் சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் உணவகத்துக்குப் பூட்டு. பதிவு இல்லாத இடத்தில் பச்சைப் புள்ளி விழுந்தால், பத்து நிமிடத்தில் பறக்கும் படை. அந்தப் பத்து நிமிட விதியை எழுதியவர் சுவை அளவைத் துறை ஆய்வாளர் சுகிர்தராஜ். அதற்காக ஒரு பாராட்டுப் பத்திரம் வாங்கி, சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

வீட்டுச் சமையலுக்கு மட்டும் சட்டம் கருணையோடு விலக்கு அளித்திருந்தது. அவர் மனைவி பியூலா அளிக்கவில்லை. தட்டை வைத்ததும் அவருடைய செல்பேசியை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள்.

"நாப்பத்தி நாலு," என்பாள். "நேத்தும் நாப்பத்தி நாலு. மீன் போட்டாலும் அதே, மோர்க்குழம்பு வச்சாலும் அதே."

"மெஷின் அப்படித்தான் காட்டும், பியூலா. எனக்குப் புடிச்சிருக்கு."

"உங்க வாயி சொல்லுது. நாக்கு சொல்லலியே."

இந்தப் பேச்சுக்குப் பதில் துறையின் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

ஒரு நாள் ருசிவரையில் ஒரு விபரீதம் தென்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கேட்டுக்கு எதிரே, தவமணி மெஸ் என்ற தகரக் கூரைக் கடை தொண்ணூற்றேழு புள்ளியோடு ஒளிர்ந்தது. நகரத்தின் மிகச் சிறந்த உணவகத்துக்கே அறுபத்தெட்டுதான். ரசத்தில் ஏதோ போதைப் பொருள் கலக்கிறார்கள் என்று துறை முடிவு செய்து, அதை நிரூபிக்க சுகிர்தராஜை அனுப்பியது. நிரூபித்தால் கடை அன்றே மூடப்படும்.

அவர் போய் முதலில் சாப்பிட்டார். நாற்பத்து மூன்று. ரசத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். புளி, மிளகு, தண்ணீர். தண்ணீர் சற்று அதிகம்.

"ஏம்மா, ரசத்துல என்ன போடுற?"

தவமணிக்கு ஐம்பது வயதிருக்கும். கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"இருக்கிறத போடுறேன் சார்."

"அப்புறம் தொண்ணூத்தேழு எப்படி வருது?"

"அத உங்க மெஷினாண்ட கேளுங்க. எனக்கே நான் வச்ச ரசம் புடிக்காது. மத்தியானம் எதிர்க்கடையில பரோட்டா வாங்கித் தின்னுக்குவேன்."

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். இரண்டு மூன்று நாள் உடுத்திய புடவை. கையில் ஆஸ்பத்திரி அட்டை. உட்கார்ந்து, இலையில் விழுந்த சோற்றை ரசம் வருவதற்கு முன்பே பிசையத் தொடங்கினாள். மூன்று முறை சோறு வாங்கினாள். சுகிர்தராஜின் கையிலிருந்த ஆய்வுப் பலகையில் அவள் எண் ஏறியது: தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது.

அவள் கை கழுவி வந்ததும் கேட்டார். "சாப்பாடு எப்படிம்மா இருந்திச்சு?"

"எதுங்க?"

"சாப்பாடு. இப்ப சாப்பிட்டீங்களே."

"கவனிக்கலீங்க," என்றாள். "தம்பி பொழச்சுக்கிட்டான்."

சுகிர்தராஜ் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நீளமான பெஞ்ச். உள்ளே இருப்பவர்களின் ஆட்கள் அதில் காத்திருந்தார்கள். செய்தி வராமல் யாரும் சாப்பிடப் போவதில்லை. அது எழுதாத வழக்கம். நல்ல செய்தி வந்தவர்கள் எழுந்து, தெருவைக் கடந்து, கண்ணில் படும் முதல் கடைக்குள் நுழைந்தார்கள். அது தவமணியின் கடை. கெட்ட செய்தி வந்தவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அவர்களுடைய எண் கணக்கில் சேரவும் இல்லை.

நேர்மையான மனிதர். நேர்மையாக அறிக்கை எழுதினார். 'கலப்படம் இல்லை. மோசடி இல்லை. உணவு சாதாரணமானது. புள்ளிகளுக்குக் காரணம் நீண்ட காத்திருப்பும், பட்டினியும், அதன்பின் வரும் நல்ல செய்தியும் மட்டுமே.' தவமணியின் கடையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த அறிக்கையைச் சுவைச்சான்றோர் அவை படித்தது. சமையல் குறிப்பாகப் படித்தது.

அவையில் நாற்பத்தொரு சான்றோர் இருந்தார்கள். பதினோரு வருடமாக நகரின் மிகச் சிறந்த இடங்களில் மட்டுமே சாப்பிட்டவர்கள். அதனால் அவர்கள் நாக்கு எதற்கும் ஐம்பதைத் தாண்டாமல் செத்துக் கிடந்தது. தலைவர் ஆலவாயன் தன் பெயருக்கு முன்னால் 'நாவுக்கோ' என்று தானே போட்டுக்கொண்டவர். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முழங்கினார்:

"சான்றோரே! நாம் இதுகாறும் தேடியது உணவை. தேடியிருக்க வேண்டியது காத்திருப்பை! மருத்துவமனை வாசலின் அந்த நீண்ட இருக்கையே இந்நகரின் மிகச் சிறந்த முன்னுணவு!"

கைதட்டல் ஓய வெகுநேரமானது.

மறுநாள் பெஞ்சில் பட்டுச் சட்டைகள் உட்கார்ந்திருந்தன. சிலர் மெத்தை கொண்டுவந்தார்கள். அது விதிமீறல் என்று ஆலவாயன் கண்டித்தார். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். செய்யாறிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நோயாளியோடு வந்தவர்களுக்குத் தரைதான் கிடைத்தது. அவர்கள் நல்ல செய்தியோடு தெருவைக் கடந்தால், தவமணி மெஸ்ஸின் வாசலில் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். நோயாளிகளின் ஆட்கள் வேறு எங்கோ போய் எதையோ தின்றார்கள்.

சான்றோர் தின்ற ரசத்துக்கு நாமணி இருபத்தெட்டு என்றது.

"தண்ணி மாதிரி இருக்கேம்மா!" என்றார் ஒருவர்.

"தண்ணிதான் சார்," என்றாள் தவமணி.

மூன்று மாதச் சராசரி முப்பத்தொன்று. பூட்டோடும் அரக்கு முத்திரையோடும் சுகிர்தராஜே போக வேண்டியிருந்தது. தவமணி சண்டை போடவில்லை. அண்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவர் முத்திரை குத்துவதை நின்று பார்த்தாள்.

"நல்லதா எழுதுறேன்னீங்களே சார்."

"நல்லதாத்தாம்மா எழுதினேன்."

"அடுத்த தபா யாருக்காவது கெட்டதா எழுதிப் பாருங்க. பொழைச்சாலும் பொழைப்பாங்க."

அந்தத் தெருவிலேயே 'காத்திருப்பகம்' என்ற பளபளப்பான உணவகம் எழும்பியது. உள்ளே ஆஸ்பத்திரி நடைகூடத்தை அப்படியே கட்டியிருந்தார்கள். பினாயில் வாடைகூட அசலாக இருந்தது. வாடிக்கையாளர் தடித்த பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். அவ்வப்போது வெள்ளை உடைப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, "இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டுப் போவாள். கடைசியில், "பொழச்சுட்டாங்க, போய்ச் சாப்பிடுங்க." முதல் மாதம் எழுபத்திரண்டு புள்ளி வந்தது. அப்புறம் இறங்கியது. செய்தி எப்போதும் நல்லதாகவே இருக்கும் என்று நாக்குகள் கண்டுகொண்டன. பத்தில் ஒருவருக்குக் கெட்ட செய்தி சொல்லிச் சாப்பாடு போடாமல் அனுப்பலாமா என்று அவை ஒரு குழு அமைத்தது. சான்றோரில் தீவிரமான சிலர் போலியை இகழ்ந்து, அசல் பெஞ்சுக்கே திரும்பினார்கள்.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை சுகிர்தராஜ் வந்தார். பியூலா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சரிந்து விழுந்திருந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

நாள் முழுக்கக் காத்திருந்தார். மறுநாளும். பக்கத்தில் ஒரு சால்வைக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"உங்களுக்கு யாருங்க உள்ள?" என்று சுகிர்தராஜ் கேட்டார்.

"எனக்கு யாரும் இல்லை. பசிக்காக வந்தேன்." பிறகு மரியாதைக்காக, "உமக்கு?"

"என் சம்சாரம்."

"ஆகா," என்றார் சால்வைக்காரர். அந்தக் குரலில் இருந்தது பொறாமை.

ஞாயிறு மதியம் மருத்துவர் வெளியே வந்தார். அபாயம் தாண்டிவிட்டது, இனி நினைவு திரும்ப வேண்டும், அதற்குள் நீங்கள் விழுந்துவிடாதீர்கள், போய் ஏதாவது சாப்பிடுங்கள் என்றார். சுகிர்தராஜ் தெருவுக்கு வந்தார். காத்திருப்பகத்தின் வாசல்தான் பக்கம். வரவேற்பில் இருந்தவளிடம் சாப்பாடு வேண்டும் என்றார்.

"ஆறு மணி நேரம் வெயிட் பண்ணணும் சார்."

"ரெண்டு நாளா வெயிட் பண்ணிட்டேன்மா. எதிர்ல, ஆஸ்பத்திரியில."

"சாரி சார். எங்க பெஞ்சுல உக்காந்தாத்தான் கணக்கு."

ஆஸ்பத்திரிக் காவலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் வந்து மெல்லச் சொன்னான். "சலவைக்கூடத்துக்குப் பின்னாடி போ சார். வேப்பமரம் ஒண்ணு இருக்கும்."

வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் நிம்மதி இல்லை. விஷம் குடிப்பவர்கள்போலச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்கள். நடுவில் ஓர் அண்டா. அதன் பின்னால் தவமணி.

அவரை அடையாளம் கண்டுகொண்டாள். கரண்டி நின்றது.

"முத்திரை கொண்டாந்துருக்கியா சார்?"

"இல்லம்மா. பியூலா... என் வீட்டுக்காரம்மா உள்ள இருக்கா."

தவமணி கரண்டியை அண்டாவுக்குள் விட்டாள். ஒரு தட்டில் ரசம் சோறு போட்டாள். அதன் ஓரத்தில் ஒரு கொத்து வேப்பிலை வைத்தாள்.

"ஒரு வாய் சோறு, ரெண்டு எலை. சேத்து மெல்லு. முப்பத்தெட்டுல நின்னுடும். நாப்பதைத் தாண்டுச்சுன்னா புள்ளி விழுந்துடும், உங்க ஆளுங்க வந்துடுவாங்க. யாரு எழுதுன சட்டமோ, பத்தே நிமிஷம்."

சுகிர்தராஜ் தலையைக் குனிந்துகொண்டு மென்றார். இரண்டு நாள் பசி அந்தத் தண்ணீர் ரசத்தை நோக்கிப் பாய்ந்தது. வேப்பிலை அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது. செல்பேசியைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே தின்றார். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. கொஞ்சம் ஆறுதலாக உணர்ந்தபோதெல்லாம் ஆலவாயனின் பேச்சை நினைத்துக்கொண்டார். எண் நன்றாக இறங்கியது.

ஐந்தாவது வாயில் செல்பேசி அடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ்.

"பியூலா ஆளு நீங்கதானே சார்? கண்ணு முழிச்சிட்டாங்க. நல்லாப் பேசறாங்க. முழிச்சதும் மொதல்ல, 'அவரு சாப்ட்டாரா, எத்தனை வந்துச்சு'ன்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. என்ன சொல்லட்டும் சார்?"

வாயில் சோறு இருந்தது. திரையில் எண் அசைந்தது. நாற்பத்தைந்து.

"மெல்லு சார்! எலைய மெல்லு!" தவமணி ஒரு பிடி வேப்பிலையை அவர் கையில் திணித்தாள். அவர் மென்றார். எழுபது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காம்போடு மென்றார். எண்பத்தாறு. வேம்பும் இனித்தது. தொண்ணூற்றெட்டு.

வரைபடத்தில், சலவைக்கூடத்துக்குப் பின்னால், ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா? எத்தனைன்னு சொல்ல?"

சுகிர்தராஜ் விழுங்கினார். "முப்பத்தெட்டுன்னு சொல்லுங்க, சிஸ்டர். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆறு கம்மின்னு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தட்டோடு எழுந்து, சுவர் ஓரமாகக் கலைந்தார்கள். ஒருவர் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ திட்ட வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தவமணி அண்டாவின் மூடியைத் தேடினாள்.

"முழிச்சிட்டாங்களா?"

அவர் தலையாட்டினார். "என்னால உன் பொழப்பு ரெண்டாவது தடவை..."

"பேசாத." மூடியைப் போடப் போனவள் நின்றாள். இன்னொரு கரண்டி சோறெடுத்து அவர் தட்டில் போட்டாள். இந்த முறை இலை வைக்கவில்லை. "சாப்டு. இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்குல்ல."

அவர் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.