பதினான்காம் இடத்துச் சார்ஜர்

காலியாகக் கிடந்த பதினான்காம் இடத்தில் சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மார்லிஸ் அதைத் தாண்டி நான்கு எட்டு போன பிறகுதான் நின்றாள். தினமும் மதியம் மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் ஒரு நடை போய், உறை போட்டு நிற்கும் முப்பது பைக்குகளின் சார்ஜர்களையும் பார்த்துவிட்டு, எலி புகாமல் சைலன்சர்களில் திணித்த பழைய காலுறைகள் கீழே விழாமல் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. சிவப்பு எரிந்தால் பேட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது. எதிலும் மாட்டாத சார்ஜரில் எந்த விளக்கும் எரியாது. பதினான்கின் ஒயர் ஆணியில் சுருட்டியபடி தொங்கியது. அதன் இரண்டு கவ்விகளும் வெறுங்காற்றைத்தான் கவ்விக்கொண்டிருந்தன.

கீழே சிமெண்ட் தரையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பின் வாடை. அண்ணாந்து பார்த்தாள், கூரை ஒழுகவில்லை.

அவள் பின்வாங்கினாள். அது யாருடைய இடமென்று அவளுக்குத் தெரியும்.

விஸ்கான்சினின் அந்த வடகோடியில் பைக் வைத்திருப்பவன் அக்டோபரோடு அதை மூடி வைத்துவிட வேண்டியதுதான். மார்லிஸும் அவள் கணவன் டுவேனும் மாடுகளை விற்ற பிறகு, அந்த நீளமான மாட்டுக் கொட்டகையைக் குளிர்காலத்தில் பைக்குகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். மாடுகளுக்குப் போட்ட நம்பர்களே பைக்குகளுக்கும். டுவேன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: உள்ளே வந்த வண்டி ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கு முன் வெளியே போகக் கூடாது. அதை அட்டையில் எழுதிக் கதவில் ஆணியடித்தும் வைத்திருந்தான்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, யாரும் எதிர்பாராமல் வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி சொட்டியது. டுவேன் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். அன்றைக்கென்று பார்த்து ட்ராவிஸ் வந்து நின்றான். பக்கத்துப் பண்ணை ஜோலீனின் ஒரே மகன், இருபத்திரண்டு வயது, சிரித்தால் மறுக்க முடியாத முகம்.

"ஒரே ஒரு ரவுண்டு, மார்லிஸம்மா. இந்த வருஷத்தோட கடைசி வெயில். அஞ்சு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்."

"டுவேனுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சு உப்பைத் தடவிடுவான்டா."

"அவர் வர்றதுக்குள்ள வண்டி இங்க நிக்கும். சத்தியமா. எங்கம்மா மேல சத்தியம்."

அவளேதான் பதினான்காம் இடத்தில் நின்ற அவன் பைக்கின் சைலன்சரிலிருந்து சிவப்புக் கம்பளிக் காலுறையை உருவி ஆணியில் மாட்டினாள். அவளேதான் பெரிய கதவை இழுத்துத் திறந்தாள். ஓடைப் பாலத்தின் நிழலில் காலையில் உறைந்த பனி உருகாமலே கிடந்திருக்கிறது. நாலரை மணிக்கு வண்டி அதில் சறுக்கி, ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் ஜோலீன் வந்து சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "மார்லிஸ், வண்டிய நீயா குடுத்த?"

"ஐயோ, இல்ல ஜோலீன். அவன் அக்டோபர்லயே, கொட்டகைய மூடறதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டானே!"

அப்படி ஒரு பொய் அவள் வாயிலிருந்து வந்ததே அவளுக்கு ஆச்சரியம். அன்றிரவே, வண்டியை எடுக்கும்போது அவன் கையெழுத்துப் போட்ட சீட்டை அடுப்பில் போட்டாள். டுவேனிடமும் அதே பொய். 'என் பிள்ளை, வண்டி கொட்டகையிலதான் இருக்குன்னு என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்லியிருக்கான்' என்று ஜோலீன் தேவாலயத்தில் சொல்லி அழுதபோது, மார்லிஸ் குனிந்து தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சிவப்பு விளக்கைக் கண்ட மறுநாள் சார்ஜரின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கினாள். விளக்கு அணையவில்லை.

"உள்ள கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும்" என்றான் டுவேன், காபியை உறிஞ்சியபடி. "அதுக்குப் போய் இப்படி வெளிறிப் போயிருக்க? மாட்டுக்குப் பயப்படாத பொம்பள, ஒரு பல்புக்குப் பயப்படறா!"

"அதைத் தூக்கி எறிஞ்சிடு டுவேன்."

"நல்ல சார்ஜரை எறியறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

மூன்றாம் நாள் தண்ணீர் காய்ந்து உப்பு பூத்திருந்தது. அது ஒரு கோடாக இருந்தது. ஒற்றை டயரின் அகலத்தில், பெரிய கதவடியிலிருந்து கிளம்பி, வரிசையின் நடுவே நெளியாமல் வந்து பதினான்கில் முடிந்தது. கதவுக்கு வெளியே இடுப்பளவு பனி, ஒரு குருவியின் கால்தடம்கூட இல்லாமல் கிடந்தது. பதினைந்தாம் இடத்துப் பைக்கின் உறை ஓரமாக ஒதுங்கியிருந்தது, யாரோ இடித்துக்கொண்டு போனதுபோல. ஆணியில் மாட்டிய சிவப்புக் காலுறையைக் காணோம்.

நான்காம் நாள் சத்தம். ஓடி நின்ற எஞ்சின் சூடு ஆறும்போது இரும்பு சுருங்கிச் சொடுக்குமே, அந்தச் சத்தம். டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக். நம்பர் எழுதிய பலகைக்குக் கீழே, வெற்றிடத்திலிருந்து. அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பு ஏறியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பனிப்புயல். மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. கொட்டகைக்குள் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

விளக்கு பச்சையாகியிருந்தது.

பேட்டரி நிறைந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். இன்று சொல்லிவிட வேண்டும். டுவேனிடம் முதலில், பிறகு ஜோலீனிடம். என்ன ஆனாலும் ஆகட்டும்.

டுவேன் மேஜை முன் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டி நாடாவை முடிந்துகொண்டிருந்தான். "வா வா. உன் பேயை நானே இன்னைக்கு ஓட்டிடறேன். அந்த சார்ஜரைக் கழட்டிட்டு வந்தா ராத்திரியாவது நிம்மதியாத் தூங்குவியா?"

"போகாத."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். முப்பத்தொரு வருடம் அவளை நம்பியே வாழ்ந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல... சாப்பாடு ஆறிடும்."

"அஞ்சு நிமிஷம்" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அவள் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்குத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முள்கரண்டிகளை எடுத்து வைத்தாள். வந்ததும் முதல் வேலையாக. ஜன்னலுக்கு வெளியே கொட்டகை கண்ணுக்குத் தெரியவில்லை, காற்று பனியை வாரிவாரி இறைத்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

எஞ்சின் கிளம்பியது.

ஒருமுறை உறுமி, அடங்கி, மறுபடி உறுமியது. ட்ராவிஸின் வண்டிச் சத்தம். அது கொட்டகையைவிட்டு நகர்ந்து, சாலையில் ஏறி, பாலத்துப் பக்கமாகத் தேய்ந்தது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. மேல்கோட்டுகூட இல்லாமல் அவள் பனியில் இறங்கினாள். விழுந்தாள். எழுந்தாள். பாதி வழியில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அவளுக்கு முன்னால் கொட்டகைக்குள் போய் நின்றது.

பெரிய கதவு மூடியே இருந்தது, முன்னால் பனி கலையவில்லை. சின்னக் கதவில் டுவேனின் காலடிகள் உள்ளே போயிருந்தன. வெளியே வரவில்லை.

"டுவேன்?"

டிக்.

முப்பது உறைகள். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்கிலும் ஒரு உறை.

சாம்பல் நிறத்தில், மற்றவற்றைப் போலவே. அடியிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஆனால் உயரமாக இருந்தது, மிக உயரமாக. துணிக்குள் முன்னால் ஒரு தலை. பின்னால் ஒரு தலை. பின் சக்கரத்தருகே ஒரு ரப்பர் பூட்ஸ் வெளியே தெரிந்தது. அதன் நாடாவை இன்று மதியம் முடிந்தது டுவேனின் கை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். கத்தினாள். "ட்ராவிஸ், நான்தான்டா குடுத்தேன்! உங்கம்மாகிட்ட சொல்லிடறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன். அவனை விட்டுடு!"

முன்தலை அசையவில்லை. பின்தலை இருந்த இடத்தில், வாய்க்கு நேராக, துணி உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. மறுபடி ஒட்டியது. உப்பியது.

சுவரில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சைக்கு மாறியது.