தலைமாடு மாறிய பெட்டி

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியபோது தலையணை கிழக்கே கிடந்தது.

அந்தோணிராஜ் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுத்தான் தேங்காய் நார் மில்லுக்குப் போயிருந்தான். சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் பாய் நடுவீட்டில் விரிந்திருந்தது. அதன்மேல் வீட்டிலிருந்த ஒரே தலையணை, கிழக்குச் சுவரை ஒட்டி, ஆள் தலைவைத்து எழுந்த பள்ளத்தோடு கிடந்தது.

வேறு வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. அவன் போகிற சபையில் கிழக்கே தலைவைத்து யாரும் படுப்பதில்லை. கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார்; எந்தச் சாமத்தில் வந்தாலும் எழுந்து உட்கார்ந்ததும் அவர் முகம் தெரிய வேண்டும். அதனால் மேற்கே தலைமாடு, கிழக்கே கால்மாடு. பாஸ்டர் கிளமென்ட் ஞானஸ்நானம் கொடுத்த அன்றே சொல்லிக்கொடுப்பது இது. உறங்கும்போதும் அப்படித்தான், குழிக்குள்ளும் அப்படித்தான். கிணத்துக்கடவுக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, சபைக்கென்று வேலி போட்ட கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேரும் கிழக்கே கால் நீட்டித்தான் கிடந்தார்கள்.

அவன் மனைவி சூசைமேரி மட்டும் அப்படி இல்லை. அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

தலையணையை எடுத்து மேற்கே போட்டான். கை ஈரமானது. முகர்ந்து பார்த்தான். நார் மில்லில் வேலை செய்கிறவனுக்கு ஊறிய மட்டையின் நாற்றம் உடம்போடு ஒட்டியது. இது அந்த நாற்றம் இல்லை. பங்குனி வெயிலில் ஓடு வெடிக்கிற அந்த வீட்டுக்குள், தலையணையிலிருந்து, அடைமழையில் வெட்டிப்போட்ட களிமண் வாடை அடித்தது.

ஐப்பசியில் அவளைப் புதைத்த அன்று அடித்த வாடை.

பின்னால் போய்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, "மாமா," என்று முன்பக்கம் குரல் கேட்டது. சூசைமேரியின் தங்கை ஜோஸ்லின். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி ஆயா வேலை. நாளைக்கு ஈஸ்டர் என்று அக்காள் குழிமேல் வைக்க மாலை வாங்கி வந்திருந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே கையில் பையோடு நின்றாள்.

"உள்ள வா, அம்மணி."

"வேண்டாமுங்க மாமா. மாலையக் குடுத்துட்டுக் கடைசி வண்டிக்கு முன்னாடியே போயிர்றேன். நீங்க எங்க மாதா கோயில் சாமியார்கிட்டப் பேசறதுமில்ல, நான் உங்க பாஸ்டர் மூஞ்சில முழிக்கிறதுமில்ல."

"நாங்க பூ வெக்கிறதில்லையே."

"தெரியும். நீங்க பூவும் வெக்கமாட்டீங்க, மருந்தும் குடுக்கமாட்டீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஆட்டோவக் கொண்டாந்து இந்த வாசல்ல நிறுத்தினேனுங்களே மாமா. ஒரே ஒரு ஊசி. நெஞ்சுச் சளிக்கெல்லாமா மனுசர் சாவாங்க இந்தக் காலத்துல?"

சபையில் மருந்து கிடையாது. மருந்து தொட்டவர்கள் கர்த்தரின் வருகையில் கைவிடப்படுவார்கள். அன்று இதே நிலைப்படியில் கையை அகல விரித்து அவன் நின்றான், ஆட்டோக்காரன் பீடியை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனான். உள்ளே பாயில் கிடந்த சூசைமேரி இருமினாள். மூன்று இருமல் தொடர்ந்து, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, பழைய பலகையை ஆணியிலிருந்து பிடுங்குகிற மாதிரி.

"அவ நல்லா இருக்கறா ஜோஸ்லின். நாளைக்கு விடியறப்ப எந்திரிச்சு வருவா. பாஸ்டர் சொல்லிப்போட்டாரு, இந்த ஈஸ்டர் தாண்டாதுன்னு."

"போன ஈஸ்டருக்கும் இதே பேச்சுத்தானுங்களே."

அப்போது வீட்டுக்குள் இருமல் கேட்டது.

மூன்று இருமல். பிறகு அந்த இழுப்பு.

ஜோஸ்லின் அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலே இருட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் பார்த்தாள். மாலையை வாசலில் வைத்துவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி தோப்பு வழியில் ரோட்டை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஏதாவது வரும் என்று பயந்தவள் நடக்கிற நடை அது.

அவன் உள்ளே பார்த்தான். பாயில் யாரும் இல்லை. தலையணை மறுபடி கிழக்கே கிடந்தது.

ஜெபவீடு ரோட்டோரம், சிமெண்டு சீட்டுப் போட்ட ஒரு கொட்டகை. பாஸ்டர் கிளமென்ட் தனியாக உட்கார்ந்து வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு உடுத்த. அந்தோணிராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க பிரதர்."

"என்ற சம்சாரத்தோட பெட்டி. தலைமாடு மாறிப்போச்சுங்க."

பாஸ்டர் நிமிர்ந்தார்.

அவன் சொன்னான். மில்லில் கிடந்த பழைய பலகையில் அவனே அடித்த பெட்டி. தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரே அகலம். சவப்பெட்டி செய்கிற ஆசாரிக்குத் தெரிந்திருக்கும், அவனுக்குத் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகையில் மழை கொட்டியது. குழியின் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. தூக்கியவர்கள் மறுபக்கமாகச் சுற்றி வந்தார்கள், தோள் மாற்றினார்கள், யாரோ வழுக்கினார்கள். பெட்டி இறங்கும்போதுதான் அவன் பார்த்தான், தலைப்பக்கத்தில் அவன் அடித்து வளைந்துபோன ஆணி கிழக்கே இருந்தது. அதற்குள் பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் நனைந்துகொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"அவ எந்திரிச்சா மேக்க பாத்துத்தானுங்க எந்திரிப்பா. கர்த்தருக்கு முதுகு காட்டிட்டு. எங்க ஊடு அந்தப் பக்கந்தானுங்களே இருக்குது. இன்னிக்குச் சாயங்காலமே..." அவன் தூணை விட்டு முன்னால் வந்தான். "ரண்டு ஆளக் குடுங்க. விடியறதுக்குள்ள தோண்டித் திருப்பி வெச்சரலாம். அவ பாக்கோணுமுங்க ஐயா. அவரோட மொகத்த அவ பாக்கோணும். அதுக்காகத்தானுங்களே அத்தனையும் தாங்குனா."

பாஸ்டர் வேட்டியைப் பிழிந்தார். நீலத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

"கர்த்தர் திசை பாக்கிறவரில்ல பிரதர்."

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்குச் சொன்னது அது. ஒரு ஒழுங்குக்காக. இந்த நேரத்துல குழியத் தோண்டுனா ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க? போலீஸ் வரும்." அவர் குனிந்து வாளியைத் தள்ளி வைத்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளிக் காகிதம் ஒட்டிய மாத்திரை அட்டை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. பாதி மாத்திரைகள் காலியாகியிருந்தன.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பாஸ்டர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"விசுவாசமா இருங்க. நாளைக்குக் காலையில கண்ணத் தொறக்காதீங்க, திரும்பிப் பாக்காதீங்க. அவ்வளவுதான்."

அவன் வெளியே வந்து தோப்பு வழியில் வீட்டுக்கு நடந்தான்.

வீட்டுக்குள் போகவில்லை. தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று மட்டைகளை ஒன்றோடொன்று உரச வைத்தது. அந்த உரசலுக்கு நடுவே, காற்று நிற்கிற இடைவெளிகளில், வீட்டுக்குள்ளிருந்து இருமல் வந்தது. சில சமயம் பாத்திரம் நகர்கிற சத்தம் வந்தது, தேடுகிறவர் கை பட்டு நகர்கிற மாதிரி. அவனுக்குத் தெரியும் என்ன தேடுகிறாள் என்று. அந்த வீட்டில் அது கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

முதல் கோழி கூவியதும் எழுந்தான். வெள்ளைச் சட்டை உள்ளே இருந்தது. எடுக்கப் போகவில்லை. மில் சட்டையோடு நடந்தான்.

வாய்க்கால் மேட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பொங்கியண்ணன் எதிரே வந்தார். தோப்புக்காரர்; நார் மில்லும் அவருடையதுதான். அந்நேரத்துக்குத்தான் மோட்டாருக்குக் கரண்டு விடுவார்கள்.

"ஏப்பா அந்தோணி, இன்னிக்குத்தான் கூட்டமா மேல போறீங்களாமா?"

"ஆமாங்க."

"போ, போ. திங்கக்கிழமை லோடு ஏத்தோணும். மேல போயி அங்க எடம் பத்தலீன்னா நேரா மில்லுக்கு வந்துரு." சிரித்துக்கொண்டே டார்ச்சை அடித்தார். வெளிச்சம் அந்தோணிராஜைத் தாண்டி, அவன் நடந்து வந்த தடத்தின்மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"தண்ணி இன்னும் உடவே இல்லியே. தடம் எப்படி நனைஞ்சு கெடக்குது?"

அந்தோணிராஜ் திரும்பவில்லை.

"வாய்க்கா எங்கியோ ஒடைஞ்சிருக்குதாட்ட இருக்குது," என்றார் பொங்கியண்ணன், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. ஆனால் உடைப்பைத் தேடிப் போகவில்லை. மோட்டார் ரூம் பக்கமும் போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், மேற்குப் பக்கம், பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கியது. சபையார் குழிகளைத் தாண்டி, கிழக்கு வேலியோரம் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் வெள்ளை. எல்லாரும் கிழக்கே பார்த்து, கண்மூடி. குழிகள் அவர்களுக்குப் பின்னால். முதலாவது எழும்புகிறவர்கள் மரித்தவர்கள்; அவர்கள் எழும்பி வர வழி விட வேண்டும் என்று அப்படி நிற்பது.

குழிகளுக்கு நடுவே கால் பார்த்து வைத்து நடந்தான். பாஸ்டரின் தாய் குழந்தையம்மாள், காலில் ஆறாத புண். கொத்தனார் ரூபன், மஞ்சள் காமாலை. ரூபனின் மனைவி அன்புச்செல்வி கடைசிக்கு முந்தின வரிசையில் நின்று ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் சூசைமேரி.

மண் குவியாமல் பள்ளமாக இருந்தது. மழையில் அமுங்கியிருக்கும். பார்க்காதே. பங்குனியில் ஏது மழை. பார்க்காதே.

கடைசி வரிசையில் போய் நின்றான். கண்ணை மூடினான்.

"திரும்ப வேண்டாம்," என்றார் பாஸ்டர் முன்னாலிருந்து. "என்ன சத்தம் கேட்டாலும் திரும்ப வேண்டாம்."

ஜெபம் தொடங்கியது. முதலில் முணுமுணுப்பு, பிறகு யாருக்கும் புரியாத அன்னிய பாஷை, பிறகு எல்லாக் குரல்களும் சேர்ந்து ஏறி ஏறி, மழை ஓட்டின்மேல் இறங்குகிற இரைச்சல். அதற்குள்ளே அவன் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆண்டவரே, அவளைத் திருப்பி விடும். என்னை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அவளைக் கிழக்கே திருப்பி விடும்.

பின்னால் மண் சரிந்தது.

ஒரு இடத்தில் இல்லை. பல இடங்களில்.

ஜெபம் நிற்கவில்லை. இன்னும் ஓங்கியது. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அதனால்தான் ஓங்கியது.

ஈரக் கால்கள். மெதுவாக. அவனைக் கடந்தன. இடதுபக்கம் ஒன்று. வலதுபக்கம் ஒன்று. களிமண் வாடை. புண் வாடை. முன்வரிசைகளை நோக்கிப் போயின. அவர்கள் கிழக்கே போகிறார்கள் என்று நினைத்தான். நெஞ்சு விம்மியது. சொன்னது உண்மை. அத்தனையும் உண்மை. எழுந்துவிட்டார்கள். அவரைப் பார்க்கப் போகிறார்கள்.

கண்ணைத் திறந்தான்.

முன்னால் நிற்கிறவரின் வெள்ளை முதுகு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒரு முகம் இருந்தது.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் நேரே அதன்மேல் விழுந்தது. மஞ்சள் முகம். மஞ்சள் கண்கள். ரூபன். அவனுக்கும் அப்பால், அன்புச்செல்வியின் தலைமுடி. அவள் கிழக்கே பார்த்து நின்றாள். ரூபன் அவள் முதுகோடு முதுகை ஒட்டி வைத்து மேற்கே பார்த்து நின்றான்.

வரிசை முழுக்க அப்படி. பாஸ்டரின் முதுகில் கிழவி. ஒவ்வொரு வெள்ளை முதுகிலும் ஒன்று. சின்னது. பெரியது. ஒழுங்காகப் புதைக்கப்பட்டவர்கள் எல்லாரும். கிழக்கே கால் நீட்டிப் புதைக்கப்பட்டவர்கள். ஒருவர்கூடக் கிழக்கே பார்க்கவில்லை.

கிழக்கே தென்னைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்தது.

"வாரும்," என்று பாஸ்டர் கத்தினார். "வாரும், வாரும்."

அந்த முகங்கள் எதுவும் அசையவில்லை. அவற்றின் வாய்கள் மட்டும் திறந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். மருந்துக்குத் திறக்கிற வாய்கள்.

அவனுடைய மில் சட்டையின்மேல், தோள்பட்டைகளுக்கு நடுவே, இன்னொரு முதுகு வந்து சாய்ந்தது.

குளிர். எலும்பு. நனைந்த சேலை.

பழைய பலகையை ஆணியிலிருந்து பிடுங்குகிற மாதிரி மூச்சை இழுத்தது.