படத்தில் இருந்த இரண்டாவது ஆள்

காலை எட்டு மணிக்குத் தெய்வசிகாமணி ஒரு நாயின் காதை மடக்கிக்கொண்டிருந்தார். நாய்க்கு அதில் உடன்பாடு இல்லை.

செம்பழுப்பு நிறம், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை, இடது காது மடிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாயைத் தேடிச் சென்னிமலை முழுக்க மூன்று நாள் அலைந்தாயிற்று. நிறமும் காலும் அமைந்த நாய்க்குக் காது மட்டும் ஆண்டெனா மாதிரி நின்றது.

“பன்னு குடுத்தா மடக்குமுங்க,” என்றார் நாயின் சொந்தக்காரர். “தின்னு முடிச்சா நிமித்திக்கும்.”

“எத்தன பன்னு வரைக்கும் தாங்குமுங்க?”

“நாலு. அஞ்சாவதுல தூங்கிப்போடும்.”

படத்தோடு கட்டடத்தை ஒப்பிட்டுச் சான்று தரும் அரசு ஒப்புநர் வருவது மாலை ஐந்து பத்துக்கு. நாலு பன் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பழியை யார் மேலும் போட வழியில்லை. அந்த நாயை வரைந்தது அவரேதான். தறிக்கூடத்துப் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகத்தின் படம் அது. மூலையில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருந்ததில்லை.

ஒரு காலத்தில் கட்டடப் படத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஏரி வரையலாம், அன்னம் விடலாம், பால்கனிக்குப் பால்கனி சிரித்த முகமாக ஒரு தம்பதியை நிறுத்தலாம். நம்பிக் குடிவந்தவர்கள் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் சாக்கடையையும், அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் கொசுவையும் கண்டார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் பிறந்தது படமெய்ச் சட்டம். படத்தில் உள்ளது மண்ணில் இருக்க வேண்டும், நாய் உட்பட. இல்லாவிட்டால் கரைப்பு. சிமெண்டு ஒழிந்து எல்லாமே மண்சுவர் ஆகிவிட்டதால் அரசுக்கு வேலையும் சுலபம். குழாயை மூன்று மணி நேரம் திறந்துவிட்டால் கட்டடம் சேறாகி அடுத்தவருக்குப் பயன்படும்.

அதன் பிறகு புத்தியுள்ள ஓவியர்கள் ஆளில்லாத, மரமில்லாத, காக்கை இல்லாத கட்டடங்களை வரையத் தொடங்கினார்கள். மேகத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. புத்தியுள்ளவர்கள் பட்டியலில் தெய்வசிகாமணியின் பெயர் எப்போதும் இருந்ததில்லை.

கட்டடக்கலைஞர் பூங்கோதை ஒப்புக்கண்ணைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தாள். படத்தையும் நிஜத்தையும் ஒப்பிடும் கருவி அது, பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும்.

“அண்ணா, நாய் கெடக்கட்டும். பெஞ்சுல உக்காந்து டீ ஆத்துற ரெண்டு பேரு யாரு?”

“சும்மா ரெண்டு ஆளும்மா. காசுக்கு வந்து உக்கார்ற நிரப்பாள் ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு.”

“நிரப்பாள் செல்லாதுங்கண்ணா. இது பேர் சொல்லுது பாருங்க.”

பார்த்தார். பொதுவான முகம் என்றால் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். நிஜ மனிதரின் சாயல் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால் அந்த மனிதரே வந்தாக வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைமாடியில் நடிகையை வரைந்து வீடு விற்ற பிறகு சேர்ந்த விதி. முதல் ஆள் தெய்வசிகாமணி என்றது ஒப்புக்கண்ணின் திரை. சாயல் தொண்ணூற்றெட்டு. வயிறு பொருந்தவில்லை, மன்னிக்கத்தக்க வேறுபாடு. இரண்டாவது ஆள், சடையப்பன். சாயல் தொண்ணூற்றாறு.

“தெரியாமத்தான் வரைஞ்சீங்களா?”

“கை வரைஞ்சிருச்சும்மா.”

“அந்தக் கையோட போய்க் கூட்டிட்டு வாங்க. ஆறு மாசம் இந்தப் பொண்ணுக தறி ஓட்டின நேரம் போக மண்ணு மிதிச்சிருக்காங்க. நாப்பத்திரெண்டு குழந்தைங்க இன்னும் தறிக்குப் பக்கத்துல தூளியில தூங்குது.”

சடையப்பன் மண்சுவர் எழுப்புகிறவர். தெய்வசிகாமணி வரைய, சடையப்பன் கட்ட, இருபது வருஷம் ஒரே டம்ளரில் டீ குடித்தார்கள். கடைசியாகக் கட்டியது ஒரு நூலகம். அதன் மேற்குச் சுவரில் அழகுக்காக வட்டமாக ஒரு ஜன்னல் வரைந்தார் தெய்வசிகாமணி. மேக்கால ஜன்னல் வெச்சா உள்ள இருக்கறவன் வெந்துபோவான் என்று சடையப்பன் சுவரை மூடிவிட்டார். அந்த மாதம்தான் சட்டம் வந்தது. நூலகம் கரைந்து கணுக்கால் வரை ஓடிய சேற்றில் நின்றுகொண்டு “உன்னாலதான்” என்று ஒருவரையொருவர் சொன்னார்கள். இருவரும் கடைசியாகப் பேசியது அது. ஏழு வருஷம் ஆகிறது.

உச்சிவெயிலில் போய் நின்றபோது சடையப்பன் ஒரு குழிக்குள் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் அழுத்தமாக மிதித்தார். தெய்வசிகாமணி படத்தை நீட்டினார்.

“எம்மூக்கு இத்தாச்சோட்டுப் பெருசாவா இருக்குது?”

“கொஞ்சம் கொறச்சுத்தான் போட்டிருக்கேன்.”

“உன்ற வயித்தையுமா?”

தெய்வசிகாமணி விஷயத்தைச் சொன்னார். சாயல், விதி, கரைப்பு, நாற்பத்திரண்டு தூளி. சடையப்பன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சேறு படிந்த விரலால் படத்தில் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரை மெல்லத் தடவினார்.

“இது மேக்குச் செவுருதான?”

“ஆமா.”

“ஜன்னலக் காணோம்?”

“எடமில்ல.”

“முப்பதடிச் செவுத்துலயா?”

தெய்வசிகாமணி குழியில் இருந்த மண்ணைப் பார்த்தார். நல்ல மண். இன்னும் கொஞ்சம் வைக்கோல் சேர்க்கலாம். சடையப்பன் குழியை விட்டு ஏறி, கால் கழுவினார்.

“படத்துல நாம் போட்டிருக்கற சட்ட எங்கிட்ட இல்ல. நீலச் சட்டைக்கு எங்க போறது?”

“நானே கொண்டாந்திருக்கேன்.”

ஐந்து பத்துக்கு ஒப்புநர் மரியபுஷ்பம் வந்தார். கட்டடத்தைச் சரிபார்த்தார். காக்கை இருந்தது. மூன்றாவது பன்னில் நாயின் காதும் மடிந்தது. டீ ஆற்றும் உயரத்தை அளந்து குறித்தார். பிறகு பெஞ்சுக்கு எதிரில் நின்று ஒப்புக்கண்ணைத் தட்டிப் பார்த்தார்.

“படத்துல ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.”

பெஞ்சில் இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். சடையப்பன் உதட்டை இழுத்துப் பார்த்தார்.

“இது பல்வலிங்க,” என்றார் மரியபுஷ்பம். “அஞ்சு இருவது வரைக்கும் நேரமிருக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன். இன்னிக்குத் தேறினாலும் ஒரு வருஷத்துக்கு எந்த நாள் வேணாலும் இதே நேரத்துக்கு வந்து பாப்போம். ரெண்டு பேரும் இங்கயே இருக்கணும்.”

“ஒரு வருசமா?” என்றார் சடையப்பன். “இவங்கூடவா?”

“இந்த வெயில்லயா?” என்றார் தெய்வசிகாமணி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சடையப்பன் தலை மெதுவாகத் திரும்பியது.

“என்ன சொன்ன?”

நேர் எதிரே மேற்குச் சூரியன். கண்ணைத் திறக்க முடியவில்லை. தறிக்கூடத்து வாசலில் பெண்கள் குழந்தைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வெயிலு,” என்றார் தெய்வசிகாமணி. “மூஞ்சி வேகுதுடா சடையா. ஜன்னல் வெச்சிருந்தா படிக்க வந்தவன் வெந்திருப்பான்.”

“இதச் சொல்றதுக்கு உனக்கு ஏழு வருசமும் ஒரு நாயும் வேண்டியிருக்குது.”

சடையப்பனுக்குச் சிரிப்பு முதலில் மூக்கில் வந்தது. அந்த மூக்குக்கு அது பெரிய ஓசையாகவே வந்தது. டீ தளும்பித் தெய்வசிகாமணியின் வேட்டியில் கொட்ட, அவரும் சிரித்தார். நிறுத்த முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடப் போனபோது, படத்தில் துண்டு தோளில்தான் இருக்கிறது என்று பூங்கோதை தூரத்திலிருந்து சைகை காட்டினாள். அப்படியே போட்டுவிட்டார்.

மரியபுஷ்பம் கருவியை இருவர் முகத்துக்கும் அருகே கொண்டுவந்தார். அது பீப் என்றது.

“சிரிப்பு சரியா இருக்கு. ஆனா இவரு கண்ணுல தண்ணி. படத்துல இல்லயே.”

“அது வெயிலுங்க,” என்றார் சடையப்பன். அவர் கண்ணும் அவ்வளவு சுத்தமாக இல்லை.

மரியபுஷ்பம் படத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். திரும்பி, கையை நெற்றிக்குக் கொடுத்துச் சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேறுபாடுகள் என்ற கட்டத்தில் ‘வெயில், மன்னிக்கத்தக்கது’ என்று எழுதி முத்திரை குத்தினார்.