இரட்டைத் துடிப்பு

அவள் உள்ளே நுழைந்ததும் ஏழாவது தொட்டி அடங்கிப்போனது.

மூன்று நாளாக இப்படித்தான். அவள் கணவன் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவன். அக்கம்பக்கத்தில் அவனுக்கு மீன் வாத்தியார் என்று பெயர். வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கத்திமீன் வளர்த்தான். கத்தி அலகு போலத் தட்டையாக, வயிற்றடியில் ஓடும் ஒரே நீளத் துடுப்பை நெளித்து நெளித்து, முன்னுக்குப் போவது போலவே பின்னுக்கும் போகும் மீன்கள். வெளிச்சம் ஆகாது என்று பட்டப்பகலிலும் ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கியது. உடம்பிலிருந்து மெல்லிய மின்சாரம் விட்டு, அது எதில் பட்டு மாறுகிறது என்பதை வைத்தே அவை இருட்டில் வழி கண்டுபிடிக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு கம்பிகள் இறங்கின. கம்பிகளின் மறுமுனையில் ஒரு குட்டி ஸ்பீக்கர். அதன் வழியாக அந்த மின்சாரம் சத்தமாகக் கேட்கும். கறுப்பு மீன்கள் புல்லாங்குழலின் ஒற்றைச் சுரத்தை மூச்சு விடாமல் இழுத்தன; உள்முள் தெரியும் கண்ணாடி மீன்கள் வண்டு போல ரீங்கரித்தன; ஏழாவது தொட்டியின் வரிமீன் மட்டும் டிக், டிக், டிக் என்று சொட்டிக்கொண்டிருக்கும். பாசி நாற்றமும் ஈரச்சுவர் நாற்றமும் கலந்த அந்த இருட்டில், அவளுக்குப் பழகிப்போன ஒரே துணை அந்தச் சொட்டுதான்.

வாசலுக்குப் பின்வாங்கினாள். டிக், டிக், டிக்.

ஒரு கால் உள்ளே வைத்தாள். நின்றது.

மாலையில் அவனிடம் சொன்னாள். "என்னங்க, நான் போனா மட்டும் அந்த வரிமீன் சத்தமே காட்ட மாட்டேங்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"ஷாக் அடிச்சே கொல்லுற மின்விலாங்கு பக்கத்துல வந்தா அப்படித்தான் பேச்சு மூச்சில்லாம கிடக்கும். இது விடுற மின்சாரத்தை வெச்சுத்தான் அது இதைத் தேடி வந்து திங்கும்." அவன் சிரித்தான். "நீ என்ன, விலாங்கா?"

ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து வந்தான். அவளை உள்ளே போகச் சொன்னான், வெளியே வரச் சொன்னான். இருபது முறை. அவளுக்கு ஐந்தாம் மாதம், கால் வீங்கியிருந்தது.

"முடியலைங்க, இடுப்பு விட்டுப்போகுது."

"இன்னும் பத்தே தடவை. சும்மா நடக்கிறதுக்கு என்ன நோவு?"

கறுப்பு மீன்களால் நிறுத்த முடியாது; பிறந்ததிலிருந்து சாகும்வரை அவற்றின் சுரம் ஓயாது. அவை செய்தது வேறு. அவள் நெருங்க நெருங்க, அவை இருந்த எட்டுத் தொட்டிகளிலும் வாலை முன்னே நீட்டிப் பின்னுக்கே நகர்ந்து, தூரத்து மூலையில் ஒட்டிக்கொண்டன. சுரம் மெல்ல மெல்ல ஏறியது. அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். ஏன் அங்கே கை போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, அறை நடுவே ஸ்டூல் மேல் வைத்து, கம்பிகளை இறக்கினான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"ரெண்டு கையையும் உள்ள விடு."

"வேண்டாங்க."

"விடுன்னா விடேன்."

தண்ணீர் சில்லென்றிருந்தது. ஸ்பீக்கர் இரைந்தது. பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, நிதானமாக ஒரு சொட்டு.

டிக்.

வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"இது உன் இதயம் இல்ல," என்றான். அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை; வயிற்றில் இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் கண்ணில் அப்படியொரு ஆசையை அவள் கண்டதில்லை.

"டாக்டரம்மாகிட்ட போகலாம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"போகலாம். இது முடியட்டும்."

வலையில் வரிமீனை அள்ளி வந்து அவள் கைகளுக்கு நடுவே போட்டான். அது அடியில் போய்க் கல் மாதிரி கிடந்தது. ஓர் அசைவு இல்லை.

டிக்-டிக்.

வரிமீன் துள்ளி விழுந்தது.

"இரட்டைத் துடிப்பு!" அவன் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். "ஒளிஞ்சிருக்கிற இரையோட சதையை விலாங்கு தூரத்திலேர்ந்தே உலுக்கிடும். அசைஞ்சா இடம் தெரிஞ்சிடும். அப்புறம் பாரேன்..."

ஸ்பீக்கர் உறுமியது. வரிமீன் வெள்ளை வயிறு காட்டி மிதந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுள்ளென்றுகூட இல்லை. அதுதான் அவளை அலறவைத்தது. கையை உருவினாள். அவன் விடவில்லை. அவள் மணிக்கட்டுகளை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான்.

"எடுக்காதே! இன்னும் ஒரு மீன் போட்டுப் பார்க்கணும்."

டிக்-டிக்.

அவன் சுண்டுவிரல் தானாக வெட்டி இழுத்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"விடு," என்றான் அவன். அவள் அவனைப் பிடித்திருக்கவில்லை. அவன் விரல்கள்தான் அவள் மணிக்கட்டில் இறுகியிருந்தன. அவன் சொல் கேட்காமல். "ஏய்... சொல்லு அதுகிட்ட... வேண்டாம்னு சொ..."

உறுமல்.

அவன் முதுகு வில்லாய் வளைந்தது. முகம் தண்ணீரில் விழுந்தது. குமிழிகள். நிறைய. பிறகு கொஞ்சம். பிறகு ஒன்று.

அறை நிசப்தமானது. பன்னிரண்டு தொட்டியும். ஓயவே தெரியாத கறுப்பு மீன்களும்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. இழுத்தாள். அவன் தலை அவள் பக்கம் திரும்பியது, கண் திறந்தபடி. கதவு நாலு அடி தூரத்தில் இருந்தது. கத்தினாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

டிக்-டிக்.

அவன் விரல் வெட்டியது.

டிக்-டிக்.

மறுபடி.

அப்போது, முதன்முதலாக, அவள் வயிற்றுக்குள் அது புரண்டது. சோம்பல் முறிப்பது போல நீளமாக, வழவழப்பாக நெளிந்து, அந்த விரல் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டது.