அண்ணன் ஒத்துக்கொண்ட கடன்

மழை வரும் போலிருந்த ஒரு மாலையில் இளையவன் அண்ணன் வீட்டுப் படியேறினான். கையில் பிஸ்கட் பொட்டலம். மனதில் வேறு காரியம்.

கதவைத் திறந்த அண்ணி, "அட, வழி தெரிஞ்சுதா தம்பி? மீட்டர் பாக்க வந்தவரோன்னு நினைச்சேன்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிமிர்ந்து பார்க்க முடியாமல், செருப்பைக் கழற்றும் சாக்கில் அவன் குனிந்தே நின்றான்.

உள்ளே பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை அடித்தது. அண்ணன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கடைசி டப்பாவைக்கூட அண்ணி யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். சுவரில் ஊறிப்போன வாசனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விஷயம் இதுதான். ஷேர் மார்க்கெட்டில் தொலைத்ததை மனைவிக்குத் தெரியாமல் ஈடுகட்ட, அவன் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தான். வீட்டுக்கு ஃபோன் வந்தால் குட்டு உடைந்துவிடுமே என்று, விண்ணப்பத்தில் அண்ணனின் முகவரியையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தான். அண்ணன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணை தேதி வந்தால், "டேய், அவங்க கூப்பிட்டாங்கடா," என்று சொல்வதோடு சரி. அவர் கண்ணை மூடியதும் அந்த ஃபோனும் அடங்கியது. ஞாபகப்படுத்த ஆளில்லை. இவனும் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

இப்போது சொந்த வீடு வாங்க வங்கிக்குப் போனால், மேலாளர் அவனுடைய கிரெடிட் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, "இந்தக் கறை போனாத்தான் சார் லோன்," என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மனைவி புது வீட்டு ஜன்னல்களுக்குத் துணி எடுத்தே வைத்துவிட்டாள்.

ஆகவே, ரிப்போர்ட்டில் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்று நிதி நிறுவனத்துக்கு எழுதினான். இது என் கடன் அல்ல. என் அடையாள அட்டையை எடுத்து என் அண்ணன் வாங்கியது. முகவரியும் நம்பரும் அவருடையவை. அவர் தற்போது என்னோடு தொடர்பில் இல்லை.

கடைசி வரியில் பொய் இல்லை என்று அற்பத் திருப்தி வேறு பட்டுக்கொண்டான். செத்தவரிடம் யார் போய் வசூலிக்கப் போகிறார்கள்?

"அந்த நம்பருக்கு நாங்க கூப்பிடுவோம் சார். யாரும் எடுக்கலைன்னா உங்க பக்கமே முடிச்சிடுவோம்," என்று நிறுவனத்து அதிகாரி அம்மாள் சொல்லியிருந்தாள்.

யாரும் எடுக்கக் கூடாது. அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யத்தான் இந்த வருகை.

"அண்ணி, அண்ணன் ஃபோன் இருக்கா? பழைய போட்டோ ஒண்ணு வேணும்."

"அதுவும் எங்க தம்பி உசிரோட இருக்கு? பேட்டரி உப்பிப்போச்சு, கழட்டி எறிஞ்சிட்டேன். நம்பரையும் கட் பண்ணிட்டாங்க. அலமாரியில கிடக்கும் பாருங்க, டீ வெக்கிறேன்." அவள் சமையலறைக்குள் போனாள்.

அலமாரியைத் திறந்தான். டர்பன்டைன் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மடித்த சட்டைகளின்மேல் ஃபோன் கிடந்தது. பின்மூடி இல்லை. பேட்டரி இருக்கவேண்டிய இடம் வெறும் பள்ளம். நிம்மதியாக மூச்சு விட்டு, அதைக் கையில் எடுத்தான்.

சூடாக இருந்தது.

வெகுநேரம் காதோடு வைத்துப் பேசிவிட்டு இப்போதுதான் கீழே வைத்தது போன்ற சூடு.

அவனுடைய பாக்கெட்டில் அவனுடைய ஃபோன் அதிர்ந்தது.

"சார், உங்க புகார் முடிஞ்சுது," என்றாள் அதிகாரி அம்மாள். "இப்பதான் உங்க அண்ணன்கிட்ட பேசினேன்."

"யார்கிட்ட?"

"உங்க அண்ணன் சார். ரொம்பத் தன்மையா பேசினாரு. ரெண்டு தடவை தொண்டையைச் செருமிக்கிட்டு, 'நான்தான் வாங்கினேன், தம்பிக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒத்துக்கிட்டாரு. இனிமே உங்க ரிப்போர்ட் சுத்தம். வசூல் ஆளுங்க நாளையிலிருந்து அந்த வீட்டுக்குத்தான் போவாங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்ல."



சின்ன வயதில் கண்ணாடி உடைந்தாலும், கடிகாரம் உடைந்தாலும், உடைத்தது எப்போதும் இவன்தான். அப்பா பிரம்போடு வரும்போது அண்ணன் இவன் தோளை அழுத்திப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போய் நிற்பார். இரண்டு முறை செருமுவார். "நான்தான்" என்பார். இவன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அடிகளைக் கேட்பான்.

சமையலறையில் டம்ளர்களை வைக்கும் சத்தம். நாளைக்கு இந்த வாசலில் யாரோ நின்று சத்தம் போடுவார்கள். அண்ணி ஒன்றும் புரியாமல் முழிப்பாள். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும்.

"மேடம்," என்றான். "அந்தக் கடன்..."

தோளில் ஒரு கை விழுந்தது.

கனமான கை. அவனை மெதுவாகப் பின்னால் தள்ளியது.

அவன் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அந்தக் கடன் என்னோடது. நான்தான் வாங்கினேன். அண்ணன் இல்ல. அவரு செத்து ஒரு வருஷம் ஆச்சு," என்று கத்தினான்.

 மறுமுனையில் அதிகாரி அம்மாளின் சலிப்பான குரல் வந்தது.

"சார், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு எப்படி சார் புரியும்? நீங்க ஃபோனை வைங்க. அவரு சொல்லட்டும்."

லைன் அறுந்தது.

இடது கையில், பேட்டரி இல்லாத அந்த ஃபோன் இன்னும் சூடாகிக்கொண்டே வந்தது. அவனுக்கு நேர் முன்னால், யாரும் இல்லாத இடத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு முறை.

இன்னொரு முறை.

சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது. ஒரு வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத குரலில், புதுப்பெண் போல, அண்ணி கேட்டாள்:

"என்னங்க... கூப்பிட்டீங்களா?"