ஏழாம் கட்டிலின் மூச்சு

மதிய ஷிப்டுக்கு வந்தபோது பெண்கள் வார்டு நோன்புக் களைப்பில் சுருண்டு கிடந்தது. சன்னல் வழியே நைல் நதியின் சேற்று வாடை. ஏழாம் கட்டில் காலி. அதைப் பார்க்காமல் கடந்து போவதுதான் ஒரு வருடமாக என் வழக்கம்.

போன ரமலானில் அதில் உம்மு சாபிர் கிடந்தாள். மூச்சு வாங்குகிறது, எண்ணிப் பார் மகளே என்று கெஞ்சினாள். நோன்புக் களைப்புதான், நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி வெடித்ததும் சரியாகிவிடும் என்று சொல்லி அவள் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தேன். அட்டையில் மூச்சு நிமிடத்துக்கு இருபது என்று எழுதினேன். எண்ணவில்லை. எங்கள் வார்டில் யாரும் எண்ணுவதில்லை, எல்லாருக்கும் இருபதுதான். பீரங்கிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவள் போய்விட்டாள். கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது, செப்சிஸ் என்றார்கள். பழம் மூடிய கைக்குள் அப்படியே இருந்தது. அவளைக் கொன்றது நான்தான்.

இன்று மூன்றாம் கட்டிலில் ஸஹீரா, சிறுநீரகக் கல்லோடு வந்த இருபத்து நாலு வயதுக்காரி. டாக்டர் தடுத்தும் நோன்பு வைத்திருந்தாள். பெயரைக் கேட்டால் ஊரைச் சொன்னாள்.

"பசியில எனக்கே எம் பேரு மறந்து போகுது, இவள விடும்மா," என்று பக்கத்தில் இருந்த அவள் மாமியார் சிரித்தாள்.

பீரங்கிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் அட்டையை எடுத்து, மூச்சுக்கான கட்டத்தில் இருபதின் 'இரண்டு' போட்டேன். பூஜ்யம் இன்னும் போடவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது.

வேகமாக, மேலோட்டமாக.

ஏழாம் கட்டிலிலிருந்து.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காய்ச்சல் வியர்வையின் புளித்த வாடை மட்டும் வந்தது. வேறொன்றும் தோன்றாமல் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

முப்பத்து நாலு.

திரும்பினேன். ஸஹீராவின் மார்பு அதே தாளத்தில் ஏறி இறங்கியது. கை ஜில்லிட்டிருந்தது. முட்டியில் நீலத் திட்டுகள். கட்டிலோரம் குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பை காலி.

ஓடிப்போய் டாக்டர் ரஊஃபை எழுப்பினேன். "பீரங்கி வெடிக்கட்டும் பஹீஜா, நானும் மனுஷன்தானே," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அதுவரைக்கும் அவ இருக்க மாட்டா டாக்டர். போன வருஷம் நான் எண்ணல. இன்னிக்கு எண்ணிட்டேன்."

எழுந்து வந்தார். ரத்த அழுத்தம் எழுபது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தோம், ஆன்டிபயாடிக் ஏற்றினோம், இரண்டு கையிலும் சலைன். கல்லுக்குப் பின்னால் தேங்கிய சீழை வெளியேற்ற ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொன்னார். நோன்பு முறிகிறதே என்று மாமியார் அழுதாள். பாவம் என் தலையில் இருக்கட்டும் என்றேன். யா அல்லாஹ், இவளையும் எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டே வேண்டினேன். ஏழாம் கட்டிலின் மூச்சு விடாமல் கேட்டது, எனக்கு மட்டும்.

பீரங்கி வெடித்தது.

ஸஹீராவின் பையில் சிறுநீர் சொட்டு சொட்டாக இறங்கியது. "தாகமா இருக்கு," என்றாள் தெளிவாக.

ஏழாம் கட்டிலில் மூச்சு நின்றது.

ஸஹீராவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன பிறகு அங்கே போனேன். வெள்ளை விரிப்பின் நடுவில் ஒரு பேரீச்சங்கொட்டை கிடந்தது, எச்சில் ஈரத்தோடு.

எடுத்தேன். காய்ச்சல்காரியின் உள்ளங்கை போலச் சுட்டது.