அம்மாவின் உயரத்தில் ஒரு கோல்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் அப்பாவின் வீட்டைத் திறந்தாள். பூட்டு மக்கர் பண்ணவில்லை. கண்ணாடிச் சுவர்கள், தட்டைக் கூரை, இரண்டு மாதமாக மூடிக் கிடந்த அறைகளில் மர பாலிஷ் வாசனை. அப்பா போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். ஊசியால் குத்தினாலும் உறைக்காத அளவுக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

அப்பா பேர்பெற்ற கட்டடக் கலைஞர். நூலகம், மருத்துவமனை, விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் என்று முப்பத்தோரு கட்டடங்கள். எல்லாம் வெறும் சிமெண்டும் கண்ணாடியும்தான், மருந்துக்குக்கூட ஒரு பூவேலை கிடையாது. எல்லாவற்றுக்கும் அளவு ஒரே தேக்குக் கோல். அம்மாவின் உயரத்துக்கு வெட்டியது என்பார்கள். அதை வைத்துத்தான் முழங்கை உயரத்தில் கைப்பிடி, தோள் உயரத்தில் சுவிட்ச், கண் உயரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. பத்திரிகைக்காரர்கள் இதைப் பெரிய காதல் கதையாக எழுதித் தள்ளினார்கள். அம்மா செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அதன்பின் அவள் வளர்ந்தது பாட்டி வீட்டில்.

வளர்ந்தபின் அவள் அந்தக் கோலைவிட நான்கு விரல் உயரம். இந்த வீட்டுக்கு எப்போதாவது வந்தால் முகம் பார்க்கக் குனிய வேண்டும். சமையலறைப் பரணில் நெற்றி இடிக்கும். ஆனால் கணவனைப் பிரிந்து வந்தவளுக்கு வேறு கூரை ஏது? பதின்மூன்று வயது மகள் வேறு பனைமரம் மாதிரி வளர்கிறாள். அவளை அப்பா கட்டிய பள்ளியிலேயே போன மாதம் சேர்த்து, இப்போதைக்கு விடுதியில் விட்டிருந்தாள். சனிக்கிழமை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும்.

அதற்குள் வீட்டின் அளவுகளை மாற்றியாக வேண்டும். அப்பாவிடம் ஆயுசு முழுக்க வேலை பார்த்த தச்சரை வரச் சொன்னாள். அன்றே அவர் குளியலறைக் கண்ணாடியை நான்கு விரல் உயர்த்தி மாட்டினார். நின்று பார்த்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பல் விளக்கப் போனாள்.

கண்ணாடியில் அவளுக்கு வாய் இல்லை.

கண் இருந்தது, மூக்கு இருந்தது. அதற்குக் கீழே கண்ணாடி முடிந்துபோயிருந்தது. எம்பி நின்றாள். வாய் வந்தது. வேலை தெரிந்த மனுஷரே இப்படிச் சொதப்புகிறாரே என்று அலுத்துக்கொண்டு, தச்சரை மறுபடி வரச் சொன்னாள்.

மதியம் அப்பாவின் கட்டிலில் கண் அயர்ந்துவிட்டாள்.

டொக்.

டொக்.

அளந்துகொண்டே நடக்கும்போது அப்பா அந்தக் கோலால் தரையைத் தட்டுவார். அதே சத்தம். மூலையில் சாத்தியிருந்த கோல் இப்போது கட்டிலில், அவளுக்குப் பக்கத்தில், நீட்டிப் படுத்திருந்தது. ஒரு முனை அவள் குதிகாலில். மறுமுனை சரியாக உச்சந்தலையில்.

எழுந்து அதை மூலையில் சாத்தினாள். பயப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

தச்சர் வந்து பழைய ஆணி ஓட்டையிலிருந்து அளந்தார். நான்கு விரல், இம்மி பிசகவில்லை. பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து என்னைவிட உசரமா நின்னியே பாப்பா" என்றார்.

அவள் கதவு வழியே அறை மூலையில் இருந்த கோலைக் காட்டினாள். "அது அம்மா உசரத்துக்கு வெட்டினதுதானே?"

தச்சர் குரலைத் தாழ்த்தினார். "யார் சொன்னா? நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கல்யாணம் அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு."

"அப்ப அம்மா?"

"வந்த புதுசுல உன் உசரம் இருந்தாங்க."

அம்மா தினமும் பரணில் இடித்துக்கொள்வாராம். போகப் போக இடிப்பது நின்றுவிட்டதாம். அப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தியாம். இதைச் சொல்லும்போது தச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைவரை அவள் காத்திருக்கவில்லை. மகள் இந்த வாசலை மிதிக்கவே கூடாது, எலிவளையானாலும் வேறு இடத்தில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம். பெட்டியோடு பரணுக்கு அடியில் கடந்தபோது நெற்றி இடிக்கவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைத் தச்சர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி நேரே பள்ளிக்குப் போனாள். பிள்ளையை மாட்டிவிட இருந்தேனே, நல்லவேளை என்று நினைத்தபோது, இரண்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசைந்தது.

விடுதிப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அது அவள் முழங்கைக்கு வாகாக இருந்தது.

மகள் தடதடவென்று இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். போன மாதம் முட்டிவரை அளவெடுத்துத் தைத்த ஸ்கர்ட், முட்டியைத் தாண்டித் தொங்கியது.

"இதைக் கொஞ்சம் மடிச்சுத் தைச்சுக் குடும்மா" என்றாள் மகள். "இங்க எல்லாப் பொண்ணுங்களும் மடிச்சுத்தான் போட்டிருக்காங்க."

அவள் குனிந்து, முட்டிக்குக் கீழே விரல்களை வைத்துப் பார்த்தாள்.

நான்கு.

மாடி வராந்தாவில் யாரோ தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள். மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு அந்தச் சத்தம் பழகிப் போயிருந்தது.